எங்கள் வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட ஜெனரல் கதை

பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளே, ஜெனரல் இறந்துபோனார் என்ற செய்தி வந்ததிலிருந்து நம் குழுவில் கைப்பேசி ஓயவில்லை. பெங்களூரிலிருந்து ஒருவன், துபாயிலிருந்து ஒருத்தி, ஆளுக்கொரு கதையாகக் கொட்டுகிறீர்கள். நானும் பேருந்தில், அலுவலகத்தில், பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் படிக்கிறேன், சிரிக்கிறேன். நேற்று ஒருவன் ஒரு படம் போட்டான். பனிமலை. தரையில் ஒரு சிப்பாய் கிடக்கிறான். ஜெனரல் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்துகிறார். 'இது நம்ம கூட்டத்துப் புள்ளையோட அப்பா' என்று எழுதி என்னை டேக் செய்திருந்தான். அதற்குக் கீழே எத்தனை சல்யூட், எத்தனை கொடி, எத்தனை அழுகை முகம்!

அந்தப் படத்தில் இருப்பது நடக்கவில்லை. நடக்காத ஒன்று எங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் 'அப்போதெல்லாம்' என்று ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்று பின்னால் காத்திருக்கிறது. அதனால் இந்தக் கூச்சத்தைப் பார்க்காமல் ஆரம்பித்துவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா? கொடைக்கானல் ஏரிக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் அந்தப் பழைய ஹால். நடந்தால் முனகும் பலகைத் தரை. ஈர விறகைப் போட்டுப் போட்டுக் கணப்பு புகைந்துகொண்டே இருக்கும். கம்பளிகளின் ஈரவாடை, கேன்டீன் சோப்பு வாடை, பெரியவர்களின் டீயில் மட்டும் எழும்பும் ரம் வாடை. வடக்கே பனிமலையில் நடந்த சண்டைக்குப் போய்வந்த நம் பக்கத்து ஆட்களின் குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூடும். பூம்பாறை, வில்பட்டி, பண்ணைக்காடு, அடிவாரத்திலிருந்து கன்னிவாடி, ஒட்டன்சத்திரம், பழனி. பச்சை எனாமல் குவளை ஒன்று சுற்றிவரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் ஜெனரல் கதை சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கதை. அடுத்த வீட்டுக் கதையை எடுத்துச் சொல்லக் கூடாது. சரியாகச் சொல்லவில்லை என்று சண்டை போடலாம்.

டிரைவர் மாமாதான் எப்போதும் முதலில். அப்போது அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஜீப்பு பனியில மாட்டிக்கிருச்சு. பின்னால ஒருத்தன் தள்ளுறான். நான் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு, 'ஏலே, சோறு திங்கல? நல்லா முக்கித் தள்ளுலே'ன்னு கத்துறேன். வண்டி கெளம்பிருச்சு. திரும்பிப் பாக்கேன், தோளெல்லாம் நட்சத்திரமா மின்னுது! ஜெனரலு!"

"தமிழ்ல வஞ்சதால பொழச்ச" என்பார் லங்கர் பாய். பட்டாளத்தில் சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பேர், அங்கே சமைத்தவர். அப்போது பழனி பஜாரில் கடை வைத்திருந்தார், எல்லாருக்கும் பஞ்சாமிர்த டப்பா கொண்டுவருவார். "இந்தியில வஞ்சிருந்தா லாரியா ஓட்டுவ? உள்ளார கெடந்து களி திம்ப."

"போன வருசம் கொட்டுற பனியில ஆளே தெரியலன்னீங்க" என்று டிரைவர் மாமாவின் மனைவி இழுப்பார். "இந்த வருசம் நட்சத்திரமே தெரியுதாக்கும்."

அப்புறம் லங்கர் பாயின் பருப்புக் கதை. உப்புப் போட மறந்த பருப்பை ஜெனரல் ஒரு சொல் சொல்லாமல் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது அவர் சட்டைப்பையில் ஒரு உப்புப் பொட்டலத்தைச் செருகிவிட்டுப் போனாராம். அப்புறம் பண்ணைக்காட்டு அத்தை. அவர் கணவருக்கு வலது கையில் மாவுக்கட்டு; இடது கையால் சல்யூட் வைத்துவிட்டார்; ஜெனரலும் இடது கையாலேயே திருப்பி வைத்தார். அத்தை சொல்லும்போது மாமா எழுந்து நின்று இடது கையால் வைத்தே காட்டுவார். நாம் வரிசையாக நின்று இடது கை சல்யூட் வைத்துப் பழகியதும் ஞாபகம் இருக்கும்.

கடைசியில் சுபேதார் மாமா. அவர்தான் கூட்டத்தை நடத்துகிறவர். டிசம்பர் குளிரிலும் அரைக்கைச் சட்டைதான் போடுவார். நமக்கெல்லாம் அதில் எவ்வளவு பெருமை! அவர் முடிப்பது எல்லாருக்கும் பொதுவான கதை. "மேல காவலுக்கு ஆள் அனுப்பணும். குளிரு கொன்னுபோடும். ஜெனரல் கேக்காரு, 'குளிர்லயே பொறந்து வளந்தவன் எவன் இருக்கான்?' ஆபீசரு சொல்றாரு, 'கொடைக்கானல்காரனுக இருக்கானுக சாப்'. 'அப்ப அவனுகளை அனுப்பு. அவனுகளுக்கு அது வீட்டுத் தோட்டம்'னாரு." ஹால் அதிரும். மலைக்காரன் என்றால் சும்மாவா!

என் அம்மா மட்டும் கை தட்டமாட்டாள். பெருமாள்மலையில் சாக்லேட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கச் சாக்லேட்டுக்குப் பளபளப்பான தாள் சுற்றுவாள். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் சிவப்பு, தங்கத் துணுக்குகளை உரித்துக்கொண்டு குனிந்திருப்பாள். என் அப்பா மலைக்காரர் இல்லை. அடிவாரத்து அய்யம்பாளையத்துக்காரர். தென்னந்தோப்பும் வெயிலுமாக வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாளத்தில் வீட்டு முகவரி கேட்டபோது அம்மா இருக்கிற ஊர் என்று கொடைக்கானலைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். லீவில் வந்தால் மத்தியானத்திலும் போர்வைக்குள்தான் இருப்பாராம். குளிக்க வெந்நீர், கால் கழுவ வெந்நீர். "உங்கப்பாவுக்கு இந்த ஊரு ஒத்தே வராது" என்பாள் அம்மா. நான் கைக்குழந்தை, எனக்கு எதுவும் தெரியாது. அந்த முகவரியால் அவரும் அந்தக் காவல் முனைக்கு ஏறிப் போனார், திரும்பவில்லை. ஒரு இரும்புப் பெட்டி மட்டும் வந்தது. அதில் ஒரு சீப்பு, ஷூ பாலிஷ் டப்பா, பாதி தேய்ந்த சோப்பு, முகம் பார்க்கிற கண்ணாடி. அந்தச் சோப்பை அம்மா கரையவிடாமல் வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்தால் முதலில் வரும் வாசனை அதுதான், அதையே நான் அப்பாவின் வாசனை என்று வைத்துக்கொண்டேன்.

ஆக, நம் கூட்டத்தில் செத்தவர் வீடு எங்களுடையது மட்டும்தான். கதை இல்லாத வீடும் எங்களுடையது மட்டும்தான். குவளை வந்தால் அம்மா, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அடுத்த கைக்குக் கொடுத்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து ஹாலில் எல்லாரும் இருமுவார்கள். எனக்குத் தரையில் உள்ள பலகை இடுக்கில் புகுந்துகொள்ளலாம் போலிருக்கும். உப்பில்லாத பருப்பாவது சாப்பிட்டுத் தொலைத்திருக்கலாமே இந்த ஜெனரல், எங்கப்பா கையால்!

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், மழை முடிகிற சமயத்தில் செய்தி வந்தது. ஓய்வு பெற்றுவிட்ட ஜெனரல் கொடைக்கானலுக்கு வருகிறார், நம் டிசம்பர் கூட்டத்துக்கே வருகிறார், ஒவ்வொரு குடும்பமும் அவரவர் கதையை அவர் முன்னாலேயே சொல்லலாம். வீட்டுக்கு வீடு ஒத்திகை ஆரம்பமாயிற்று. டிரைவர் மாமா 'முக்கித் தள்ளுலே'யை ஜெனரல் முன்னால் சொல்லலாமா கூடாதா என்று ஊர் ஊராகக் கருத்துக் கேட்டார்.

அந்த நவம்பரில் ஒரு நாள் சுபேதார் மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே லங்கர் பாயும் டிரைவர் மாமாவும். மாமா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தங்கச்சி, எங்க வீட்டுக் கதை என்னன்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன? ஜெனரல் தன் கோட்டைக் கழற்றி சுபேதார் மாமாவுக்குக் கொடுத்தார் என்பது. பனியில் விறைத்துப்போய் இறங்கி வந்த அவருக்குத் தன் கையாலேயே போட்டுவிட்டார் என்பது.

"அது எனக்குக் குடுத்தது இல்ல" என்றார் மாமா. "உன் வீட்டுக்காரனுக்குப் போத்துனது. நான் பாத்தவன். பெருமைக்கு எனக்குக் குடுத்ததாச் சொல்லித் திரிஞ்சுட்டேன். இனிமே அது உங்க வீட்டுக் கதை. ஜெனரல் முன்னால நீயே சொல்லு."

லங்கர் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "தன் கதையவே தூக்கிக் குடுக்குறதுக்கு மனசு வேணும், சாப்" என்றார். டிரைவர் மாமா, மாமாவின் முதுகைத் தட்டினார். நான் குதித்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு கதை வந்துவிட்டது! அதுவும் எல்லாவற்றிலும் பெரிய கதை!

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அப்ப கடைசில அவரு பக்கத்துல நீங்க இருந்தீங்களாண்ணே?"

"தூரத்துலேர்ந்து பாத்தேன்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சுபேதார் அத்தை வந்து அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுவரை. "ஏம்மா, கோட்டுன்னு சொல்றப்போ இப்படிக் கையை விரிச்சுப் போத்திக் காட்டு, அப்பத்தான் எடுபடும்." அம்மா காட்டுவாள். ஒன்றும் இல்லாத இடத்தில் கையை விரித்துப் போர்த்தும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது; ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. நானோ பள்ளியில் அதை இங்கிலீஷிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டேன். சண்டையில் இறந்தவர் மகள் என்று சலுகையில் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. நான் அங்கே கற்றதெல்லாம் இங்கிலீஷ், அப்புறம் அம்மாவின் தமிழுக்கு வெட்கப்படுவது.

அந்த ஞாயிறு வந்தது. நீங்களும் இருந்தீர்கள், ஆனால் பாதிப்பேர் கணப்புக்குப் பின்னால் பட்டாணி வறுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் முன்வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில்.

ஜெனரல் நான் நினைத்ததில் பாதிதான் இருந்தார். காதுக்குள் வெள்ளை முடி. கையில் லேசான நடுக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது. சுபேதார் மாமா பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னார். டிரைவர் மாமா கதைக்கு ஜெனரல் வாய்விட்டுச் சிரித்தார். "நினைவிருக்கிறது, நினைவிருக்கிறது" என்றார். பருப்புக் கதைக்கும் நினைவிருந்தது. இடது கை சல்யூட்டுக்கும் நினைவிருந்தது. இன்று யோசித்தால், அவருக்கு எதுவுமே நினைவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் எதிரே நிற்பவர்களிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சுபேதார் மாமா நம்பியதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். எந்தப் பெரிய அதிகாரியும் ஒரு விதவையிடம் 'நான் போர்த்தவில்லை' என்று சொல்லமாட்டார்.

குவளை அம்மா கைக்கு வந்தது. அம்மா எழுந்தாள். அத்தை பின்னாலிருந்து, "கையை விரி, கையை" என்று கிசுகிசுத்தார். அம்மா கையை விரிக்கவில்லை.

"ஐயா, என் வீட்டுக்காரரு மலைக்காரரு இல்லைங்க. அய்யம்பாளையத்துக்காரரு. அவருக்குக் குளிரே ஆகாது" என்றாள். ஹாலில் யாரோ சிரித்தார்கள். "உங்க கோட்டுக் கதைய எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது இருக்கட்டும். உசுரு போறப்ப அவரு பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா, இல்ல தனியாக் கெடந்தாரா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சுபேதார் மாமா ஜெனரல் பக்கம் குனிந்து இங்கிலீஷில் சொன்னார்: "ஐயா, தன் கணவருக்கு நீங்கள் போர்த்திய கோட்டுக்காக நன்றி சொல்கிறாள்."

"நினைவிருக்கிறது" என்றார் ஜெனரல். "துணிச்சலான பையன்."

எனக்குக் காது சுட்டது. நான் என்ன நினைத்தேன் என்று இப்போது அழகாகச் சொல்ல முடியும். உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை. வகுப்பில் யாராவது தப்பாக மொழிபெயர்த்தால் எழுந்து நின்று திருத்துகிற பிள்ளை நான். அதே வேகத்தில் எழுந்துவிட்டேன். இங்கிலீஷில் சொன்னேன்: "இல்லை ஐயா. அம்மா அதைக் கேட்கவில்லை. அப்பா சாகும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறாள்."

ஜெனரலின் முகத்தில் அந்தச் சிரிப்பு அணைந்தது. என்னை நன்றாகப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "நான் அங்கே இல்லை" என்றார், மெதுவாக. "நான் கீழே இருந்தேன். கோட்டைப் பற்றியும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை." பிறகு சுபேதார் மாமாவின் பக்கம் திரும்பினார். "அந்தக் காவல் முனையிலிருந்து இறங்கி வந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா? இவள் அவரிடம்தான் பேச வேண்டும். கேளுங்கள்."

சுபேதார் மாமா ஹாலைப் பார்த்து நிமிர்ந்தார். "உன் புருசனோட தியாகத்தை நாடு மறக்காதுன்னு சொல்றாரும்மா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மரப்பலகைத் தரையையும் சேர்த்துத் தட்டினார்கள்.

ஜெனரல் கைதட்டல் ஓயும்வரை, யாராவது எழுந்து நிற்பார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் எழவில்லை. அவரே அம்மாவிடம் வந்து கை கூப்பினார். அதற்குள் டீ வந்துவிட்டது.

அடுத்து என்ன நடந்தது என்பதில் உங்கள் வீடுகளுக்கும் பங்கு உண்டு. அத்தை அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "எம்புட்டுச் சொல்லிக் குடுத்தேன்! அந்தப் பெரிய மனுசன நிக்க வச்சுக் கேள்வி கேக்குறியே, வெக்கமா இல்ல?" பண்ணைக்காட்டு அத்தை, "புள்ளையும் அப்படித்தான் வளந்திருக்கு. பெரியவுக பேசுறப்ப நடுவுல இங்கிலீசு" என்றார். லங்கர் பாய்கூட எங்கள் பஞ்சாமிர்த டப்பாவை நேராகக் கையில் தராமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

பெருமாள்மலைக்கு இறங்குகிற பஸ்ஸில் கடைசி சீட். கண்ணாடிக்கு வெளியே வெறும் மூடுபனி. நான், "அவர் உங்களுக்குத் தியாகம்னு சொல்லலம்மா" என்றேன். ஜெனரல் கேட்டதையும் மாமா சொன்னதையும் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். அம்மா, "இன்னொருக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். "எறங்கி வந்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் எங்கள் நிறுத்தம் வந்ததும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் எழுப்பிக் கூட்டிவந்தேன்.

மறுநாள் வெள்ளனே சுபேதார் மாமா வந்தார். டவுனிலிருந்து நடந்தே இறங்கியிருந்தார், செருப்பெல்லாம் செம்மண் சேறு. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. அம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வாசற்படியில் சடை பின்னிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்ல இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"புள்ள சொல்லிருச்சா, தங்கச்சி?"

"சொல்லுச்சுண்ணே."

"எறங்கி வந்தவன் நாந்தான். நான் ஒருத்தன்தான்."

மாமா செருப்புச் சேற்றைத் தரையில் தேய்த்தார்.

"அடிபட்டுக் கெடந்தான். தூக்கி எறக்க எனக்குத் தெம்பு இல்ல. மேல வர்றோம்னவங்க வரல. என் கோட்டு நனைஞ்சு பலகையாட்டம் வெறச்சுப்போச்சு. அவன் பேசிக்கிட்டே இருந்தான். அப்பறம் பேச்சு நின்னுருச்சு."

"என்ன பேசுனாரு?"

"அய்யம்பாளையத்து வெயிலப் பத்தி. டேம் கல்லுல மல்லாந்து படுத்தா முதுகு சுடும்னான். அந்தச் சூடு வேணும்னான்."

கீழே சாலையில் வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. அது போகும்வரை மாமா காத்திருந்தார்.

"கோட்டக் கழட்டுனேன், தங்கச்சி. அவன் மேலேர்ந்து."

"உசுரு இருந்துச்சாண்ணே?"

"பாக்கல." அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூக்குல கை வச்சுப் பாத்திருக்கலாம். பாத்து, இருந்துச்சுன்னா கழட்ட முடியாது. அதனால பாக்காமத்தான் கழட்டுனேன்."

அம்மா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஈரக் கல். சேலை நனைவது தெரிந்தது.

"கீழ வந்ததும் இது யாரு கோட்டுடான்னு கேட்டாங்க. அன்னைக்குத்தான் ஜெனரல் கூடாரத்துக்கு வந்துட்டுப் போயிருந்தாரு. ஜெனரல் குடுத்தாருன்னு வாயில வந்துருச்சு. அம்புட்டுப் பேரும் நம்பிட்டாங்க. கை குடுத்தாங்க. வருசா வருசம் சொல்லச் சொன்னாங்க. அவரே வர்றாருன்னதும் அவரு முன்னால நின்னு எனக்குக் குடுத்தாருன்னு எப்படிச் சொல்லுவேன்? அதான் உன்கிட்டக் கொண்டாந்து குடுத்தேன்."

அம்மா கேட்டாள்: "அப்ப அவரு தனியா இல்ல?"

"இல்ல. நான் இருந்தேன்."

"இதச் சொல்ல இம்புட்டு வருசமா, அண்ணே? தெனமும் அவரத் தனியால்ல போட்டு வச்சிருந்தேன்." அழுகை இல்லாமல்தான் சொன்னாள். "அடுத்த கூட்டத்துல இதச் சொல்லுங்க. எங்க வீட்டுக் கதையா இதத்தான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க."

"என்னைய என்னன்னு நெனைப்பாங்க, தங்கச்சி?"

"என்னைய இப்ப என்னன்னு நெனைக்கிறாங்க?"

மாமா சொல்கிறேன் என்றார். அம்மாவின் தலைமேல் கை வைக்கப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, ஏறிப் போய்விட்டார்.

சொல்லவில்லை. அடுத்த வருடமும் சொல்லவில்லை, அதற்கடுத்த வருடமும். எங்களை யாரும் ஒழுங்காக அழைக்காத வருடங்களிலும் அம்மா கூட்டத்துக்குப் போனாள். குவளை கைக்கு வந்ததும் சுபேதார் மாமாவைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். மாமா கணப்பில் விறகைத் தள்ளுவார். ஹாலே நெளியும். அப்புறம் அவள் குவளையை அடுத்த கைக்குக் கொடுப்பாள். நீங்கள் அதைத் திமிர் என்றீர்கள். ஜெனரலையே மடக்கியவள், இனி நம்மோடு பேசுவாளா என்று உங்கள் அம்மாக்கள் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. உங்களை மட்டும் சொல்லி என்ன? எல்லாம் தெரிந்த நானே அவள் சேலையை இழுத்து, "அந்தக் கோட்டுக் கதையச் சொல்லிட்டு உக்காருங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று கெஞ்சியிருக்கிறேன். அவள் அங்கே ஒரு மனிதருக்காகக் காத்து நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் கவுன் பழசாக இருக்கிறதே என்பதையும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெனரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை கதைகளில் அவரை நாம் கடவுள் மாதிரி ஏற்றிவைத்தோம். அன்றைக்கு அந்த ஹாலில் 'நான் அங்கே இல்லை' என்று சொன்ன ஒரே ஆள் அவர். அது ஒன்றுதான் நான் கண்ணால் பார்த்த ஜெனரல் கதை. அதை யாரும் குழுவில் போடவில்லை. அது யாருக்கும் தமிழில் சொல்லப்படவே இல்லையே.

சுபேதார் மாமா போன மழைக்காலத்தில் இறந்தார். அவர் மகள் இந்தக் குழுவில் இருக்கிறாள், நம்மில் ஒருத்தி, என்னோடு பட்டாணி பிடுங்கித் தின்றவள். அவளுக்குத் தெரியாமல் இதை எழுத எனக்கு உரிமை இல்லை. நேற்று அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளைத்தான் கூப்பிட்டேன். முழுக்கச் சொன்னேன்.

"இந்த டிசம்பர் கூட்டத்துல நானே சொல்றேன்டி" என்றாள் கடைசியில். "எங்கப்பா சொல்லாதத நான் சொல்லிடுறேன்." பிறகு கேட்டாள், "உங்கம்மா எங்கப்பாவ மன்னிச்சாங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையில் நான் அம்மாவிடம் அதைக் கேட்டதே இல்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன், பரீட்சைக்கு, வேலைக்கு, ஊர்ப்பயணத்துக்குப் பணம்வரை. இதைக் கேட்கவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். இப்போது மேற்பார்வை வேலை; இருந்தாலும் பழக்கதோஷத்தில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தாள் சுற்றிக்கொண்டிருந்தாள், சரசரவென்று கேட்டது. படத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் கூட்டத்தில் சொல்கிறேன் என்றதையும், அவள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். சரசரப்பு நின்றது.

"அந்தப் புள்ள எதுக்குச் சொல்லணும்? அதுவா கழட்டுச்சு?" என்றாள் அம்மா. "வேணாம்னு சொல்லு. அவரு வாயாலதான் கேக்கணும்னு வீம்பா நின்னேன். அவரும் போயிட்டாரு. இனிமே யாரு சொன்னா என்ன, நீயே எழுதிரு."

"என்னன்னும்மா எழுத?"

"நடந்தத எழுது. கோட்டக் கழட்டுனாருன்னு எழுது." மறுபடி தாள் சரசரத்தது. "அவரு உசுரோட கீழ எறங்கி வந்தாரு, வந்து புள்ள குட்டிய வளத்தாருன்னும் எழுது. அத விட்டுறாத."